பீரில் மிஞ்சிய இனிப்பு

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுத் துணிகள் எல்லாவற்றிலும் ஒரு வாடை இருந்தது. துவைத்து, டிரையரில் போட்டு, சூடு ஆறுவதற்குள் எடுத்து மடித்தாலும் போகவில்லை. பாயசப் பாத்திரத்தைக் கழுவாமல் மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. அதன் மேல் லேசாக நெயில் பாலிஷ் ரிமூவர். அமெரிக்காவில், சான் ரமோனில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கராஜில் இருக்கிறது. அதே கராஜில்தான் என் மனைவியின் தம்பி பீர் காய்ச்சினான்.

'காய்ச்சினான்' என்ற சொல்லுக்கு வீட்டில் தடை இருந்தது. "ஈரோட்டுல அம்மாகிட்ட போன்ல பேசறப்ப அந்த வார்த்தைய மட்டும் சொல்லிறாதீங்க. அங்க அதுக்கு வேற அர்த்தம், போலீஸ் வர்ற அர்த்தம்" என்றாள் மனைவி. "ப்ரூ பண்றான்னு சொல்லுங்க. காபின்னு நெனைச்சுக்குவாங்க."

மில்பிடாஸில் ஒரு சிப் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். ஆட்குறைப்பில் வேலை போனதும் அபார்ட்மெண்டைக் காலி செய்துவிட்டு எங்கள் மாடி அறைக்கு வந்தான். கிரீன் கார்டு இருந்ததால் ஊருக்குத் திரும்பும் அவசரம் இல்லை. முதலில் தினமும் லேப்டாப்பைத் திறந்து வேலைக்கு விண்ணப்பித்தான். பிறகு அது வாரத்துக்கு ஒரு முறை ஆனது. அப்புறம் லேப்டாப் பீர் வீடியோ பார்க்க மட்டும் என்றானது.

பக்கத்து ஊரான லிவர்மோரில் ஒரு பெண்மணி சின்னதாக ஒரு பீர் ப்ரூவரி நடத்தி வந்தார். அறுபதை நெருங்கும் அமெரிக்கர், குட்டையாக வெட்டிய நரைமுடி. அவன் அங்கே போய் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, தொட்டிகளைச் சுற்றிப் பார்க்கும் அளவுக்குப் பழகிவிட்டான். இலையுதிர் காலத்தில் தன் உதவியாளர் வேறு மாநிலத்துக்குப் போகிறார் என்றும், அந்த இடத்துக்கு ஆள் தேவை என்றும் அவர் சொல்லியிருந்தார். படிப்பு, அனுபவம் எதையும் கேட்கவில்லை. அவனே செய்த ஸ்ட்ராங் பீர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். ஈஸ்ட்டை வேலை வாங்கத் தெரிந்தவனா இல்லையா என்பது அதைக் குடித்தால் தெரிந்துவிடும் என்றார்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. "மறுபடி ஒரு க்யூபிக்கிள்ல உக்காந்து ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்பச் சொல்லாதீங்க மாமா. இது ஒண்ணு கிடைச்சா போதும்" என்றான். முப்பத்தைந்து வயது ஆள் அதைச் சொன்னபோது குரல் உடைந்தது. அதனால்தான் கராஜைக் கொடுத்தோம்.

வேலை சுத்தமாகத்தான் தொடங்கியது. முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் கெட்டியான இனிப்புச் சாறு வரும். அதைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி ஈஸ்ட்டைப் போட வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கேஸாகவும் மாற்றும். ஸ்ட்ராங் பீர் என்றால் சர்க்கரை அதிகம். ஆல்கஹால் ஏற ஏற அதிலேயே ஈஸ்ட் சோர்ந்துபோகும். அது தின்றது போக மிஞ்சுவதுதான் நாக்கில் படும் இனிப்பு. கொஞ்சம் மிஞ்சத்தான் வேண்டும். எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் வாளியை ஜனவரியில் வைத்தான். மில்பிடாஸ் இந்தியக் கடையில் வாங்கிய கருப்பட்டியையும் உடைத்துப் போட்டான். பந்தியில் ஸ்வீட்டை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றைத் தொடாமல் எழுந்துபோகும் பிள்ளைகளைப் போல, ஈஸ்ட் கருப்பட்டியைத் தின்றுவிட்டு மால்ட் சர்க்கரையில் பாதியை அப்படியே விட்டது. கராஜில் குளிர் வேறு. மூடியில் இருந்த குழாயில் வந்துகொண்டிருந்த குமிழி நின்றது.

"மாவுக்குச் சுத்தற மாதிரி ஒரு கம்பளிய சுத்தி வைடா" என்றாள் அவன் அக்கா. சுற்றி வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குச்சியைச் சாற்றில் மிதக்கவிட்டுப் பார்த்தான். சர்க்கரை கரைந்திருந்தால் குச்சி உயரத் தூக்கி நிற்கும், தீரத் தீர இறங்கும். அது தூக்கித்தான் நின்றது.

"இன்னும் இறங்கணும் மாமா. இது முடியல."

"அப்ப விட்டு வை."

"சாட்டர்டே எல்லாரும் வர்றாங்களே. கேட்டுட்டே இருக்காங்க."

சனிக்கிழமை வந்தவர்கள் நான்கு குடும்பங்கள். அலுமினிய டிரேக்களில் பிரியாணியும் தயிர் வடையும் வந்தன. எங்கள் கூட்டத்தில் மூத்தவர், பக்கத்திலுள்ள டப்ளினில் இருப்பவர். எல்லோருக்கும் அவர் டப்ளின் அங்கிள். எதையும் முதலில் ருசித்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அதை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

பீர் கரும்பழுப்பாக, எண்ணெய் போல மெதுவாக டம்ளரில் இறங்கியது. நுரை என்று எதுவும் இல்லை. ஓரத்தில் ஒரு வளையம் மட்டும். நான் பீர் குடிப்பவன்தான். கோவையில் பத்திரிகை வேலையில் இருந்த காலத்தில் மோசமான பீரை நிறையவே குடித்திருக்கிறேன். இது அந்த வகையில் சேரவில்லை. இருமல் மருந்தைச் சுண்டக் காய்ச்சி, வாயில் ஊற்றி, மேலே ஸ்பிரிட்டைத் தெளித்த மாதிரி இருந்தது. விழுங்கிய பிறகும் பல்லின் பின்புறத்தில் ஒரு படலம் நின்றது. நாக்கால் துழாவினால் நாக்கிலும் ஒட்டியது.

டப்ளின் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். கண்ணைத் திறந்தார்.

"டேய்! சூப்பர்டா! கசப்பே இல்ல. இதாண்டா பீரு. இந்த அமெரிக்காகாரன் வேப்பெண்ணெய வித்துட்டு இருக்கான்."

"நெஜமாவா அங்கிள்?"

"நன்னாரி சர்பத் கெட்டுப்போச்சுன்னு வெச்சுக்க. அப்படி ஒரு கிக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கிள் மனைவி ஒரு ஸ்பூன் அளவு வாங்கிக் குடித்துவிட்டு, "இனிப்பா இருக்கறதால லேடீஸும் குடிக்கலாம் போல" என்றார். அப்புறம் எல்லோரும் கேட்டார்கள். எல்லோரும் சொன்னார்கள். நன்றாக இருக்கிறது, பிரமாதம், பாட்டிலில் அடைத்து விற்கலாம், லேபிளில் கோயில் கோபுரம் போடலாம். நான் அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளர்கள் உயர்ந்தன, உதட்டைத் தொட்டன, இறங்கின. பீரின் மட்டம் மட்டும் இறங்கவில்லை. பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக டம்ளர்களை மேஜை மேலும், டிவிக்குப் பக்கத்திலும், புத்தக அலமாரியிலும் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். போகும்போது டப்ளின் அங்கிள் மட்டும் ஆறு பாட்டில் கேட்டு வாங்கிப் போனார்.

மறுநாள் காலையில் அந்த டம்ளர்களைக் கழுவியது நான். அடியில் வெல்லப்பாகு மாதிரி உறைந்திருந்தது. வெந்நீர் ஊற்றி விரலால் சுரண்ட வேண்டியிருந்தது. ஒன்றில் ஒரு ஈ, இறக்கை விரித்தபடி செத்துக் கிடந்தது.

"மாப்ள, அது நல்லா இல்ல. திகட்டுது. முடியலன்னு நீயே சொன்னே" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. "உங்களுக்கு எதுதான் மாமா புடிச்சிருக்கு? இருபது பேரு நல்லா இருக்குன்னாங்க."

"யாரும் முழுசாக் குடிக்கல."

"ஹெவி பீர் மாமா அது. சிப்பிங் பீர், மெல்ல மெல்லத்தான் குடிக்கணும்."

பிறகு சமையலறையில் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அவன் இப்பதான் ரெண்டு நாளா சிரிக்கறான். உங்களுக்கு என்ன, நியூஸ் பேப்பரா நடத்தறீங்க வீட்ல? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போகுது?" சொல்ல வேண்டியதை அவனிடம் சொல்லியாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவன் செய்ததுதான் விஷயம். முதல் வாளியில் இனிப்பு மிஞ்சியது விபத்து. இரண்டாவது வாளியில் அதை வேண்டுமென்றே மிஞ்சவைத்தான். லிவர்மோர் அம்மாளுக்காகச் செய்த வாளி அது. குமிழி நன்றாக வந்துகொண்டிருந்தபோதே, குச்சி பாதி இறங்கியபோதே, வாளியைத் தூக்கிக் கராஜ் ஃபிரிட்ஜில் வைத்தான். தயிர் டப்பாவும், மாவு டப்பாவும், போன வார விருந்தின் சாம்பாரும் சமையலறைக்கு இடம்பெயர்ந்தன. குளிரில் ஈஸ்ட் அடியில் போய்ப் படிந்தது. மேலே தெளிந்ததைப் பாட்டிலில் அடைத்தான். கேஸ் சேர்வதற்காக ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு மூடி அடித்தான்.

"ஈஸ்ட் செத்துருச்சா?" என்று கேட்டேன்.

"சாகாது மாமா. தூங்குது. குளிர்ல தூங்கும்."

"எல்லா பாட்டிலும் ஃபிரிட்ஜுல நிக்காதே."

"அக்கா மாவு வைக்கணும்ல, ஷெல்ஃப்லதான் வைக்கணும். மே மாசம் லிவர்மோர்ல டேஸ்ட் பண்ணிடுவாங்க. வெயிலுக்கு முன்னாடி முடிஞ்சிடும்."

மே மாதத்தில் அந்த அம்மாள் வரச் சொல்லவில்லை. புதுத் தொட்டி பொருத்தும் வேலை, ஆகஸ்டில் பார்க்கலாம் என்று செய்தி அனுப்பினார். பாட்டில்கள் வாஷிங் மெஷினுக்கு மேலே இருந்த பலகையில் வரிசையாக நின்றன. ஜூன் பிறந்தது. சான் ரமோன் மலைகள் காய்ந்து மஞ்சளாயின. மதியத்தில் கராஜ் கதவைத் தொட்டால் சுட்டது. உள்ளே ஈஸ்ட் விழித்துக்கொண்டது. அது தின்ன ஏராளமான சர்க்கரையை அவனே விட்டுவைத்திருந்தான்.

முதலில் வந்தது வாடை. பிறகு மூடிகளின் ஓரத்தில் பிசுபிசுப்பான கசிவு. அது பாட்டில் கழுத்தில் வழிந்து, தூசி படிந்து, கறுத்த கோந்தாக நின்றது. அதைத் தேடி எறும்புகள் வந்தன. சுவர் விரிசலிலிருந்து பலகை வரை மெல்லிய கறுப்புக் கோடாகப் போய், பாட்டில் கழுத்துகளில் மோதிரம் போலச் சுற்றின. சின்னப் பழ ஈக்கள் சோப்புத் தூள் டப்பாவில் விழுந்து கிடந்தன. துணி போடப் போகும் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டு போய், வெளியே வந்துதான் விட்டேன்.

ஜூலை கடைசியில் ஒரு மதியம் கராஜில் டமாரென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். ஒரு பாட்டில் வெடித்திருந்தது. சலவைக் கூடையில் கண்ணாடித் துண்டுகள். என் மகளின் நீச்சல் துண்டில் பழுப்பு நிறச் சகதி. பதினான்கு வயது அவளுக்கு. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான்.

துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஈயூ... அப்பா, திஸ் இஸ் ஸோ க்ராஸ். இட் ஸ்மெல்ஸ் லைக் வாமிட்" என்றாள்.

அவள் சொன்னது துல்லியம். நானே அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஒரு பாட்டில் டிஃபெக்ட்டா இருந்திருக்கும்" என்றான் அவன். குரலில் நம்பிக்கை இல்லை. என் மனைவி அங்கேயே நின்று கூடையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். சத்தத்துக்குச் சற்று முன்புதான் அந்தக் கூடையில் துணி போட்டுவிட்டு உள்ளே வந்திருந்தாள். அன்றைக்கு அவள் தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்டில் லிவர்மோர் போனோம். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீங்களும் வாங்க மாமா என்றான். மூன்று பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து, மேலே கம்பளி போட்டு மூடி, பின் சீட்டில் பெல்ட் மாட்டினான். ஃபிரீவேயில் கார் ஏதாவது பள்ளத்தில் தூக்கிப் போட்டால் இருவரும் திரும்பிப் பார்த்தோம். காருக்குள்ளும் அந்த வாடை வந்துவிட்டிருந்தது. ஏசியை முழுதாக வைத்தால் அது குளிர்ந்த வாடையானது.

ப்ரூவரி இன்னும் திறக்காத நேரம். ஈரத் தரை, ஸ்டீல் தொட்டிகள். அங்கே ஒரு வாடையும் இல்லை என்பதை உள்ளே போனதும் கவனித்தேன். அந்த அம்மாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கழுத்தில் ஒட்டியிருந்த கோந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஹைட்ரோமீட்டர் குச்சி எதில் ஆரம்பித்தது, எதில் நின்றது என்று இரண்டே எண்கள் கேட்டார். அவன் சொன்னான்.

அங்கே ஏன் நின்றது என்று கேட்டார்.

தானே நிறுத்தியதாக அவன் சொன்னான். முதல் தடவை இனிப்பாக இருந்தது எல்லோருக்கும் பிடித்திருந்தது, அதனால் இந்தத் தடவை குளிரவைத்து நிறுத்தினேன் என்றான்.

அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பாட்டிலைக் கழுவும் தொட்டிக்குள் வைத்துத் திறந்தார். சீறிக்கொண்டு வந்த நுரை தொட்டியின் சுவர்களில் அடித்து வழிந்தது. அடங்கியபோது பாட்டிலில் கால்வாசிதான் இருந்தது. அதையும் கலக்கிக்கொண்டு அடியிலிருந்து ஈஸ்ட் வண்டல் மேலே வந்திருந்தது. அதை இரண்டு சின்ன கிளாஸ்களில் ஊற்றி ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, இன்னொன்றை அவனிடம் நீட்டினார். எனக்குத் தரவில்லை. நன்றி சொல்லிக்கொண்டேன், மனதுக்குள்.

அவர் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்பினார். பிறகு, குடித்துப் பார்த்து இதில் என்ன தவறு என்று நீ சொல் என்றார்.

அவன் குடித்தான். விழுங்கவில்லை. அவனும் துப்பினான். பிறகு ஆங்கிலத்தில், நிதானமாக, நல்ல நிருபர் செய்தி சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னான். முன்னால் வரும் இனிப்பு, ஈஸ்ட் தின்று முடிக்காத மால்ட். பின்னால் எரிவது வெயிலில் புளித்ததால் வந்த சூடு. நடுவில் ருசி என்று எதுவும் இல்லை. ஒரு கிளாஸுக்கு மேல் யாராலும் குடிக்க முடியாது.

அம்மாள் தலையாட்டினார். அத்தனையும் சரி என்றார். முதல் வாளியிலும் இது தெரிந்ததா என்று கேட்டார்.

தெரிந்தது என்றான்.

அப்புறம் ஏன் என்று அவர் கேட்கவில்லை. நாக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் பேச்சைக் கேட்காத ஆளிடம் என் தொட்டிகளைக் கொடுக்க முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேலை இல்லை என்பது மட்டும் தெளிவாக இருந்தது. மற்ற இரண்டு பாட்டில்களைத் தானே அழித்துவிடுவதாகவும், வீட்டில் இருப்பவற்றை முதலில் நன்றாகக் குளிரவைத்து, கண்ணை மறைத்துக்கொண்டு, வெளியில் வைத்துத் திறந்து கொட்டும்படியும் சொன்னார். கதவு வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பும் வழியில் அவன் பேசியது ஒரே ஒரு முறை. "எனக்கு அன்னிக்கே வாயில வெச்சதும் தெரிஞ்சுது மாமா. அப்புறம் டப்ளின் அங்கிள் சொன்னாரா... நம்ம நாக்குதான் தப்போன்னு நெனைச்சுட்டேன்."

மறுநாள் கொல்லைப்புறத்தில் பாட்டில்களைத் திறந்தான். பனிச்சறுக்குக்கு வாங்கிய கையுறை, மகளின் நீச்சல் கண்ணாடி. ஒவ்வொன்றும் சீறியது. நுரை அவன் சட்டையிலும் தலைமுடியிலும் தெறித்தது. புல்லில் பழுப்புக் குட்டை தேங்கியது. ஈக்கள் அதன் மேல் தாழப் பறந்தன. நான் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பட்ட இடத்தில் அது கரையவில்லை, பரவியது.

அவன் அக்கா சமையலறைக் கதவருகில் நின்றாள். "ரெண்டு மட்டும் வெச்சுக்கடா. நம்ம ஆளுங்க வந்தாக் கேப்பாங்க."

"வேண்டாம்க்கா. குடிக்கற மாதிரி இல்ல அது."

"நல்லாத்தானே..." என்று தொடங்கியவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. டப்ளின் அங்கிள். கை முழுக்கப் பிசுபிசுப்பாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு நாற்காலி மேல் வைத்தான்.

"என்னடா, போன காரியம் என்னாச்சு? ஆஃபர் குடுத்துட்டாளா?"

"இல்ல அங்கிள். வேண்டாம்னுட்டாங்க."

"ஏன், என்னவாம்?"

"பீர் நல்லா இல்லைன்னாங்க. ரொம்ப இனிப்புன்னு."

போனின் பின்னணியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"ம்... ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத" என்றார் அங்கிள், மிகவும் இயல்பான குரலில். "எனக்கும் அப்பவே திகட்டுச்சுடா. நீ குடுத்த பாட்டிலெல்லாம் ஆண்ட்டி சிங்க்லதான் ஊத்தினா. சிங்க் பைப் வேற ரெண்டு நாளா மணத்துட்டு இருந்துச்சு." சிரித்தார். "நீ ஃபீல் பண்ணுவேன்னுதான் சொல்லல. விடு. நல்ல பையன் நீ, ஐடிலயே தேடு. சாட்டர்டே இங்க வந்துருங்க எல்லாரும், மட்டன் பண்றோம்."

அவன் நாற்காலி மேலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நீச்சல் கண்ணாடிக்குள் கண் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. வழிந்த நுரை அவன் முழங்கையிலிருந்து சொட்டியது.

"சரிங்க அங்கிள்" என்றான்.

போன் அணைந்ததும் அடுத்த பாட்டிலை எடுத்தான். கழுத்தில் சுற்றியிருந்த எறும்புகளைக் கையுறையால் வழித்து எறிந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைத் திறந்தான்.

"சாட்டர்டே நான் வரல மாமா. நீங்க போங்க" என்றான்.

நானும் போகவில்லை.